கணக்கு சரி, விடை மட்டும் ஒட்டவில்லை: ஓம், வாட் கணக்கில் பிழை தேடுவது எப்படி

சூத்திரம் இரண்டுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது திறன். இரண்டையும் சேர்த்தால் இன்னும் இரண்டு கிடைக்கும். ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினாலும் வாட், வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தாலும் வாட். பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் மல்டிமீட்டரை எடுத்து வீட்டிலுள்ள ஒரு பொருளை அளந்து பார்த்தால் விடை ஒட்டாது. மீட்டர் ஒன்று சொல்லும், கணக்கு ஒன்று சொல்லும், பொருளின் மேல் ஒட்டியிருக்கும் தகடு மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும்.

நான் பார்த்தவரை பிழை வகுத்தலிலோ பெருக்கலிலோ இருப்பது அபூர்வம். எந்த வோல்ட், எந்த ஆம்பியர் என்பதில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே பொருளின் இரு முனைகளுக்குரியவையாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில், அந்தப் பொருள் வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுத்தவையாகவும் இருக்க வேண்டும். இந்தச் சிக்கல் ஓமுக்கே வந்திருக்கிறது. ஜெர்மனியின் கியோர்க் ஓம் முதலில் அந்தக் கால மின்கலங்களை வைத்துத்தான் சோதனை செய்தார். மின்னோட்டம் எடுக்க எடுக்கக் கலத்தின் அழுத்தம், அதாவது வோல்ட், இறங்கிக்கொண்டே போனதால் அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பிறகு செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த, சூட்டு வித்தியாசத்தால் அழுத்தம் தரும் வெப்ப இணையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையை உருகும் பனிக்கட்டியிலும் வைத்து, ஆடாத அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டார். அப்புறம்தான் விதி பிடிபட்டது. 1827இல் புத்தகமாக வெளியிட்டார்.

கீழே உள்ளவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அதிலிருந்து படியுங்கள். அதற்கு முன் ஒன்று. 230 வோல்ட் உயிரை எடுக்கும். ஓம் அளப்பதானால் பிளக்கை உருவிவிட்டு அளங்கள், ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. வீட்டு மின்சாரத்தில் ஆம்பியர் அளக்க மல்டிமீட்டரை இடையில் செருகாதீர்கள், வயரை வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். மூடியைத் திறந்து, மின்சாரம் ஓடும்போது வோல்ட் பார்க்க வேண்டிய இடங்களில் பழகிய வயர்மேன் கூட இருக்கட்டும்.

விடை ஆயிரம் மடங்கு கூடியோ குறைந்தோ வருகிறது

இது மில்லி ஆம்பியர் செய்த வேலை. மீட்டர் 20 என்று காட்டும், கணக்கில் 20 என்றே போட்டுவிடுவோம். அது 20 மில்லி ஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர். 9 வோல்ட்டை 20ஆல் வகுத்தால் 0.45 ஓம். உண்மையில் அது 450 ஓம். கிலோ ஓமிலும் இதே கதைதான். எல்லாவற்றையும் முதலில் வோல்ட், ஆம்பியர், ஓம் என்று முழு அலகுக்கு மாற்றிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது

பொருள் ஓடுகிறது, மீட்டரில் பூஜ்யம். வாயைத் திறந்து முழு கேபிளையும் கவ்வியிருப்பீர்கள். உள்ளே பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று அழித்துவிடுவதால் மீட்டருக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு வயரைத்தான் கவ்வ வேண்டும். அதற்காகப் பொருளின் கேபிளைக் கிழிக்க வேண்டாம். ஒரு அடி நீளத்துக்கு வயர்கள் தனித்தனியாக வெளியே தெரிகிற மாதிரி, ஆனால் மேலுறை எங்கும் வெட்டுப்படாமல், சின்ன எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டால் காலத்துக்கும் உதவும்.

எல்ஈடி பல்பு மாதிரி மிகக் குறைந்த மின்னோட்டமென்றால் அந்த ஒற்றை வயரை மீட்டரின் வாய்க்குள் 10 சுற்று சுற்றுங்கள். காட்டுவதைப் பத்தால் வகுத்தால் உண்மை அளவு.

பேட்டரி சர்க்யூட்டில் மல்டிமீட்டரே பூஜ்யம் காட்டினால், முதலில் மீட்டருக்குள் இருக்கும் பியூஸைப் பாருங்கள். மில்லி ஆம்பியர் துளைக்கென்று ஒரு சின்னப் பியூஸ் இருக்கும். யாரோ ஒருநாள் அதில் வைத்து பேட்டரியின் இரு முனையையும் தொட்டிருப்பார்கள், அது போயிருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆம்பியர் அளந்து முடித்ததும் சிவப்பு வயரை உடனே வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். 10 ஆம்பியர் துளையில் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வீட்டு சாக்கெட்டில் வோல்ட் பார்க்கப் போனால், மீட்டர் வழியாக நேரடியாக ஷார்ட் ஆகும். தீப்பொறியோடு கையே வெந்துபோகலாம்.

ஓம் அளவு நிற்காமல் ஆடுகிறது

மூன்று இடம் பாருங்கள். சர்க்யூட்டில் மின்சாரமோ, சார்ஜ் இறங்காத கெப்பாசிட்டரோ இருக்கலாம். கிலோ ஓம் அளவில் அளக்கும்போது இரண்டு கை விரல்களும் முனைகளைத் தொட்டிருக்கலாம். அப்போது உங்கள் உடம்பும் ரெசிஸ்டருக்கு இணையாகச் சேர்ந்துகொள்ளும். மீட்டரின் பேட்டரி தீரப்போகலாம். இதற்கு நேர்மாறாக, சில ஓம்கள் மட்டுமே உள்ள பொருளை அளக்கும்போது மீட்டர் வயர்களின் ஓமும் சேர்ந்து வரும். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 என்று காட்டினால் அந்த 0.3ஐ விடையில் கழித்துவிடுங்கள்.

மீட்டர் காட்டும் ஓமும் கணக்கில் வரும் ஓமும் வேறு வேறு

குண்டு பல்பில் இது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடக்கும். 230 வோல்ட், 100 வாட் பல்பு. கணக்குப்படி 230இன் வர்க்கத்தை 100ஆல் வகுத்தால் 529 ஓம். அதையே கழற்றி மேசைமேல் வைத்து அளந்தால் என் மீட்டர் 38 ஓம் காட்டியது. மீட்டரில் பழுதில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கிறது. சூடு ஏற ஏற உலோகத்தின் தடை ஏறும். ஆறிய இழைக்கு 38, எரியும் இழைக்கு 529. இரண்டும் உண்மை, நேரம்தான் வேறு. ஸ்விட்ச் போட்ட முதல் கணத்தில் இழை ஆறியே இருப்பதால் 6 ஆம்பியர் வரை பாய்ந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அரை ஆம்பியருக்கும் கீழே வந்துவிடுகிறது. பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல், ஸ்விட்ச் போடும்போதே ‘டப்’ என்று போனது இதனால்தான்.

அயர்ன் பாக்ஸ், கீசர், தண்ணீர் சுடவைக்கும் ராடு ஆகியவற்றில் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றின் காயில் நிக்ரோம் என்ற நிக்கல், குரோமியக் கலவைக் கம்பியால் ஆனது. சூடேறினாலும் அதன் தடை சில சதவீதம்தான் மாறும். 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்குக் கணக்கு 52.9 ஓம். ஆறியிருக்கும்போதே அளந்தாலும் அதையொட்டித்தான் வரும். ஆகவே சூடேற்றும் சாதனத்தில் மீட்டர் ஓமை நம்பலாம், பல்பில் நம்பக் கூடாது.

மோட்டாரில் மீட்டர் ஓமை வைத்து மின்னோட்டம் கண்டுபிடிக்கவே முயலாதீர்கள். கோயம்புத்தூர் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் புதிதாகச் சேரும் பையன்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: “அண்ணா, காயில் 2.4 ஓம்தான் காட்டுது. 230ஐ வகுத்தா 96 ஆம்பியர் வருது. ஆனா மோட்டார் 6.8 ஆம்பியர்ல ஓடுது, எப்படி?” நல்ல கேள்வி. ஓடும் மோட்டாரின் காந்தப்புலம் காயிலுக்குள்ளேயே எதிர் அழுத்தம் ஒன்றை உண்டாக்குகிறது. வரும் 230இல் பெரும்பங்கை அது தாங்கிக்கொள்கிறது. மீட்டர் காட்டும் 2.4 ஓம் செம்புக் கம்பியின் தடை மட்டும்தான்.

அந்த 2.4 ஓம் வீண் இல்லை. ஆம்பியரின் வர்க்கத்தை அதனால் பெருக்குங்கள். 6.8 × 6.8 × 2.4, ஏறத்தாழ 110 வாட். காயிலை உள்ளிருந்து சுடவைக்கும் வெப்பம் இவ்வளவு. மோட்டார் சிக்கிக்கொண்டு சுற்றாமல் நின்றால் எதிர் அழுத்தம் வெகுவாக இறங்கிவிடும், மின்னோட்டம் பல மடங்கு ஏறும். மின்னோட்டம் ஐந்து மடங்கானால் வெப்பம் இருபத்தைந்து மடங்கு. காயில் வார்னிஷ் கருகும் வாடை வருவது அப்போதுதான்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கூடுதலாக வருகிறது

9 வாட் எல்ஈடி பல்பு. 230 வோல்ட், மீட்டர் காட்டியது 0.08 ஆம்பியர். பெருக்கினால் 18.4. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். ஏமாற்றவில்லை. பேட்டரியின் நேர் மின்னோட்டத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கினால் அதுவே வாட். வீட்டுக்கு வருவது மாறு மின்னோட்டம், விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. அழுத்தமும் ஓட்டமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் பெருக்கல் அப்படியே வாட் ஆகும். நிக்ரோம் காயிலில் அப்படித்தான். மோட்டாரில் ஓட்டம் பின்தங்கி வரும். மலிவான எல்ஈடி பல்பிலோ ஓட்டம் அலையின் உச்சியில் மட்டும் வெட்டு வெட்டாகப் பாயும். பெருக்கி வருவது வோல்ட் ஆம்பியர். அதைத் திறன் காரணியால், அதாவது உண்மை வாட்டுக்கும் வோல்ட் ஆம்பியருக்கும் உள்ள விகிதத்தால், பெருக்கினால்தான் வாட். அந்தப் பல்புக்குத் திறன் காரணி ஏறத்தாழ அரை. சாதா மீட்டர்கள் வழவழப்பான அலைக்கென்று செய்யப்பட்டவை. வெட்டுப்பட்ட அலையில் அவை காட்டும் ஆம்பியரே பிசகும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஓடும் மின்விசிறியை அளந்து குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சரி, உண்மையான வாட்டை எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டு வாசலிலேயே நல்ல கருவி இருக்கிறது. மின்வாரிய எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டு என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 3200ஆல் வகுத்தால் ஒரு சிமிட்டுக்கு 1125 ஜூல். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளக்க வேண்டிய பொருளை மட்டும் போடுங்கள். ஒரு சிமிட்டிலிருந்து தொடங்கி அடுத்த 10 சிமிட்டுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். 11,250ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட்.

மேலே சொன்ன 6.8 ஆம்பியர் மோட்டார் 1 குதிரைத்திறன் உடையது. அதில் 10 சிமிட்டுக்கு 9 விநாடி ஆனது. அதாவது 1250 வாட். 230ஐ 6.8ஆல் பெருக்கினால் 1564. 1250ஐ 1564ஆல் வகுத்தால் 0.8, அதன் திறன் காரணி. தகட்டில் இருக்கும் 1 குதிரைத்திறன், அதாவது 746 வாட், மோட்டாரின் அச்சில் கிடைக்க வேண்டியது. உள்ளே வாங்குவது 1250. மிச்சம் பெரும்பாலும் வெப்பமாகப் போகிறது. எல்ஈடி பல்பை மட்டும் இப்படி அளக்கப் பொறுமை வேண்டும். 9 வாட்டுக்கு ஒரு சிமிட்டு வரவே 125 விநாடி ஆகும்.

எல்ஈடிக்குப் போட்ட ரெசிஸ்டர் கருகிவிட்டது

12 வோல்ட் பேட்டரியில் ஒரு வெள்ளை எல்ஈடி. எல்ஈடி 3.2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்று தெரிந்துகொண்டு 3.2ஐ 0.02ஆல் வகுத்தால் 160 வரும். கையில் 150 ஓம் இருந்தது, போட்டாயிற்று. எல்ஈடி கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தது. ரெசிஸ்டரைத் தொட முடியவில்லை, அப்புறம் பழுப்பாகிக் கருகியது.

வகுத்தது எல்ஈடியின் வோல்ட், தேடியது ரெசிஸ்டரின் ஓம். ரெசிஸ்டரின் தலையில் விழுவது மிச்சமுள்ள 8.8 வோல்ட். 150 ஓமில் அது 59 மில்லி ஆம்பியரை ஓடவிட்டு, ரெசிஸ்டரில் அரை வாட்டுக்கும் மேல் வெப்பத்தை இறக்குகிறது. அது கால் வாட் ரெசிஸ்டர், எப்படித் தாங்கும்? சரியான கணக்கு 8.8 ÷ 0.02 = 440 ஓம். கடையில் கிடைப்பது 470. அதில் 18.7 மில்லி ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் 0.165 வாட். கால் வாட் போதும்போலத் தெரியும். ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். அப்போது ரெசிஸ்டருக்கு 11.2 வோல்ட், 0.267 வாட். கால் வாட்டைத் தாண்டிவிட்டது. அரை வாட் ரெசிஸ்டராகவே போடுங்கள்.

தகட்டில் 2000 வாட், ஆனால் அந்த அளவுக்கு வேலை நடக்கவில்லை

போன மார்கழியில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். “தம்பி, முன்னெல்லாம் கீசர் ஸ்விட்சைப் போட்டுட்டு கோலம் போட்டு வந்தா தண்ணி தயாரா இருக்கும். இப்ப கோலம் முடிச்சு காப்பியும் குடிச்சாச்சு, இன்னும் வெதுவெதுன்னுதான் இருக்குது. உள்ள காயில் போச்சா?”

15 லிட்டர் கீசர், தகட்டில் 230 வோல்ட், 2000 வாட். கணக்குப்படி 26.45 ஓம், 8.7 ஆம்பியர். இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காயிலை அளந்தேன். 26.5 காட்டியது, மீட்டர் வயருக்கு 0.3 கழித்தால் 26.2. காயில் நன்றாகவே இருக்கிறது. தண்ணீர் சூடாகவில்லை என்றதும் காயிலை மாற்றுவது பலருக்குப் பழக்கம். இந்த ஒரு அளவை எடுத்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு, தெரிந்த வயர்மேன் ஒருவரோடு போய், கீசர் ஓடும்போதே அளந்தோம். மெயின் போர்டில் 207 வோல்ட். குளியலறை சாக்கெட்டில் 202. கீசரின் முனையில் 198. மின்னோட்டம் 7.56 ஆம்பியர். 198ஐ 7.56ஆல் பெருக்கினால் 1497 வாட். காயிலுக்குப் போவது 1500 வாட்தான்.

வோல்ட் குறைந்தால் வாட் அதே விகிதத்தில் குறையாது, வர்க்கத்தில் குறையும். 230இலிருந்து 198 என்பது 14 சதவீத இறக்கம். வாட்டோ கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. 15 லிட்டர் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 2072 கிலோ ஜூல் வேண்டும். 2000 வாட்டில் 17 நிமிடம், 1500 வாட்டில் 23 நிமிடம். அக்காவின் காப்பி நேரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

மெயின் போர்டிலிருந்து கீசர் வரை காணாமல் போன 9 வோல்ட்தான் முக்கியம். போர்டிலிருந்து சாக்கெட் வரை 5 வோல்ட். அங்கே போயிருந்தது 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக 18 மீட்டர், வர 18 மீட்டர். இந்தத் தடிமனுக்குக் கிலோமீட்டருக்கு 18 ஓம் என்றால் 36 மீட்டருக்கு 0.65 ஓம். 7.56ஆல் பெருக்கினால் 4.9 வோல்ட், கச்சிதமாக ஒட்டுகிறது. சாக்கெட்டிலிருந்து கீசர் வரை ஒரு மீட்டர் கேபிள்தான், அதில் அரை வோல்ட்கூடப் போகக் கூடாது. போனதோ 4 வோல்ட். அது பிளக்கில்தான் போக வேண்டும்.

அணைத்துவிட்டுப் பிளக்கை உருவினோம். பேஸ் முள் கொதித்தது. பித்தளையில் ஒரு பக்கம் நீலம் பாரித்து, அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி ஓரம் உருகியிருந்தது. சாக்கெட்டுக்குள் இருந்த பித்தளைத் தகடு விரிந்துபோய் முள்ளை ஒரு பக்கமாக மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. 4ஐ 7.56ஆல் வகுத்தால் 0.53 ஓம். பார்த்தால் ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 4 × 7.56 = 30 வாட். ஈயம் பற்றவைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடப் பெரிய ஒன்று அக்கா வீட்டுச் சாக்கெட்டுக்குள் தினமும் இருபது நிமிடத்துக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது.

சுவருக்குள் போகும் வயரிலும் 38 வாட் வீணாகிறது, பிளக்கைவிட அதிகம். அங்கே அது 36 மீட்டர் நீளத்துக்குப் பரவிவிடுவதால் வயர் லேசாக வெதுவெதுப்பதோடு சரி. பிளக்கிலோ எல்லாம் நகக்கண் அளவு இடத்தில் இறங்குகிறது. இதை மெயின் போர்டில் தானாக விழும் பாதுகாப்பு ஸ்விட்சான எம்சிபி கண்டுபிடிக்காது. அது மின்னோட்டம் கூடினால்தான் விழும். லூஸ் கான்டாக்டில் மின்னோட்டம் கூடுவதில்லை, சற்றுக் குறையவே செய்கிறது. அதனால் உங்கள் வீட்டில் கீசரோ ஏசியோ பத்து நிமிடம் ஓடிய பிறகு அணைத்துவிட்டு, பிளக்கை உருவி, முள்ளின் பக்கம் புறங்கையை மெதுவாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். நல்ல பிளக் லேசான வெதுவெதுப்போடு இருக்கும். கை வைக்க முடியாத சூடு என்றால் மீட்டர் தேவையில்லை, அன்றைக்கே பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும்.

அக்கா வீட்டில் இரண்டையும் மாற்றி, வயரையும் 2.5 சதுர மில்லிமீட்டராக இழுத்தோம். மறுநாள் காலை மெயின் போர்டில் அதே 207 வோல்ட், கீசர் முனையில் 205. மின்னோட்டம் 7.8, திறன் 1600 வாட், தண்ணீர் சூடாக 21, 22 நிமிடம். பழைய 17 நிமிடம் வரவில்லை, காரணம் லைனிலேயே வோல்ட் குறைவு. ஒன்பது மணிக்கு மேல் 228 ஆகிவிடுகிறது. அக்காவிடம் சொன்னேன். இப்போது அவர் கோலமாவு டப்பாவை எடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே கீசரைப் போட்டுவிடுகிறார்.